ரக்பி லீக் பருவமும் தினப் பட்டியலும்: ஆஸ்திரேலியாவின் ‘வோஸ்’ பார்வையாளர் அறிக்கை குறித்த மதிப்புரை

ஆஸ்திரேலியாவில் முந்தைய நாள் எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைச் சொல்லும் அறிக்கை நாள்தோறும் வெளியாகிறது. ஓஸ்டாம் நிறுவனம் நடத்தும் ‘வோஸ்’ என்ற இந்த அளவீட்டின் முழுத் தரவையும் தொலைக்காட்சி நிலையங்களும் விளம்பர நிறுவனங்களும் கட்டணம் செலுத்திப் பெறுகின்றன. முதல் 30 நிகழ்ச்சிகளைக் கொண்ட சுருக்கப் பட்டியலை மட்டும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நம் ஊரில் டிஆர்பி என்று நாம் பேசுவதன் ஆஸ்திரேலிய வடிவம் இது. விளம்பரம் விற்பவர்களுக்காகவும் வாங்குபவர்களுக்காகவும் உருவான இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, சாதாரண ரக்பி லீக் ரசிகர் ஒருவர் தன் ஆட்டத்துக்கான கூட்டம் எந்த மாதத்தில் பெருகுகிறது, எந்த வாரத்தில் கரைகிறது, ஏன் அப்படி நடக்கிறது என்பதை அறிய முடியுமா என்பதே எனக்கு எழுந்த கேள்வி. மேற்கு சிட்னியில் பரமட்டாவைச் சுற்றி வாழும் தமிழர்களில் பலர் பிள்ளைகள் வழியாக இந்த ஆட்டத்துக்குள் வந்தவர்கள் என்பதால், கேள்வி எனக்கு மட்டும் உரியதாக இருக்காது என்று நினைக்கிறேன். ஒற்றை இரவைப் பற்றி இந்தப் பட்டியல் நம்பகமாகவே பேசுகிறது. ஒரு பருவத்தைப் பற்றிப் பேச அதற்குத் தெரியாது. அந்த வேலையைப் படிப்பவர்தான் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடலாம். 2001 முதல் ஓஸ்டாம் வெளியிட்டு வந்த பழைய கணக்கில் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பன், அடிலெய்டு, பெர்த் ஆகிய ஐந்து பெருநகரங்களின் எண்ணே தலைப்பில் நின்றது. மற்ற பகுதிகளின் எண்ணிக்கை தனிக் கணக்காக ஒதுங்கியிருந்தது. ரக்பி லீக்கைப் பொறுத்தவரை இது கண்கூடான அநீதி. நைட்ஸ் அணியின் நியூகாசில், ரெய்டர்ஸ் அணியின் கான்பெரா, கவ்பாய்ஸ் அணியின் டவுன்ஸ்வில், டிராகன்ஸ் அணி பாதி உரிமை கொண்டாடும் வொலங்காங் ஆகிய நகரங்களில் ஒன்றுகூட அந்த ஐந்தில் இல்லை. அதே வேளையில் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை உயிராகக் கருதும் அடிலெய்டும் பெர்த்தும் மெல்பர்னும் இருந்தன. ஆகவே வெள்ளிக்கிழமை இரவில் இரண்டு ஆட்டங்களும் மோதிய வாரங்களில், பெருநகரப் பட்டியலைப் பார்ப்பவருக்கு ரக்பி லீக் பெரும்பாலும் ஒரு படி கீழேயே தெரிந்தது. 2024 தொடக்கத்தில் நாடு முழுவதற்குமான எண்ணைத் தலைப்புக்குக் கொண்டுவந்ததோடு, நிலையங்களின் செயலிகள் வழியாகப் பார்ப்பவர்களையும் அதே வரியில் சேர்த்துக் காட்டத் தொடங்கியது பெரிய முன்னேற்றம். டவுன்ஸ்வில்லில் ஒருவர் கைப்பேசியில் ஆட்டம் பார்த்தால் அவரும் இப்போது கணக்கில் வருகிறார்.

ஆனால் அந்த மாற்றமே பருவகாலப் போக்கைத் தேடுபவருக்கு முதல் தடையாகவும் அமைகிறது. 2023 ஜூன் மாதத்துப் பெருநகர எண்ணையும் 2024 ஜூன் மாதத்துத் தேசிய எண்ணையும் அருகருகே வைத்து, ரக்பி லீக்கின் செல்வாக்கு ஓராண்டில் எகிறிவிட்டது என்று பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். அளவுகோல் மாறியிருக்கும்போது உயரத்தை ஒப்பிடுவதில் பொருளில்லை. சுருக்கப் பட்டியல் இதைப் பற்றி எந்த எச்சரிக்கையும் தருவதில்லை.

பருவத்தின் தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். என்ஆர்எல் எனப்படும் தேசிய ரக்பி லீக் போட்டிகள் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆரம்பித்து அக்டோபர் முதல் வாரம் வரை நீள்கின்றன. 2024 முதல் முதற்சுற்றின் ஒரு பகுதி அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் ஆடப்படுகிறது. அங்கே சனிக்கிழமை மாலையாக இருக்கும்போது இங்கே ஞாயிற்றுக்கிழமை நண்பகலாக இருப்பதால், பருவத்தின் முதல் எண்ணே வழக்கமான இரவு நேரத்துக்கு வெளியே பிறக்கிறது. அதை அடுத்த வார வியாழக்கிழமை இரவோடு ஒப்பிடுவது சரியாகாது. அது மட்டுமல்லாமல், மார்ச் மாதத்தில் நியூ சவுத் வேல்ஸ் கோடைகால நேரத்தில் இயங்குகிறது, குவீன்ஸ்லாந்து இயங்குவதில்லை. சிட்னியில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் வெள்ளிக்கிழமை ஆட்டம் குவீன்ஸ்லாந்தின் தலைநகரான பிரிஸ்பனில் 7 மணிக்கே திரைக்கு வந்துவிடும். சிட்னியின் மாலை 6 மணி ஆட்டம் அங்கே 5 மணிக்கு, அதாவது மக்கள் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடும். ஏப்ரல் முதல் ஞாயிறன்று சிட்னி தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் இரண்டு மாநிலங்களும் ஒரே நேரத்துக்கு வருகின்றன. தொலைக்காட்சிக்குக் கூட்டம் சேர்ப்பதில் மற்ற எந்த அணிக்கும் சளைக்காத பிரிஸ்பன் பிரான்கோஸ் அணியின் ஊரில் ஆட்டம் தொடங்கும் நேரமே ஒரு மணி நேரம் நகர்கிறது என்றால், அதற்கு முந்தைய வாரத்தையும் பிந்தைய வாரத்தையும் ஒரே கோட்டில் வரைவது எப்படிச் சரியாகும்? நாடு முழுவதற்கும் ஒற்றை எண்ணைத் தரும் சுருக்கப் பட்டியலில் இந்த நகர்வைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

ஈஸ்டர் இதைவிட வேடிக்கையானது. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் துறையின் அதிகாரபூர்வப் பார்வையாளர் கணக்கு ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பர் இறுதி வரை 40 வாரங்கள் கொண்டது. ஈஸ்டரை ஒட்டிய இரண்டு வாரங்கள் மட்டும் அதில் சேர்வதில்லை. நிலையங்கள் தங்கள் பெரிய நிகழ்ச்சிகளை அந்த இரண்டு வாரங்களில் ஓய்வெடுக்க விட்டுவிடுகின்றன. ரக்பி லீக்கோ அந்த நாட்களில்தான் தன் மரபான மோதல்களை நடத்துகிறது: புனித வெள்ளியன்று புல்டாக்ஸும் சவுத் சிட்னியும், ஈஸ்டர் திங்களன்று பரமட்டாவும் வெஸ்ட்ஸ் டைகர்ஸும் மோதுவது வழக்கமாகிவிட்டது. அந்த வாரப் பட்டியலில் ஆட்டம் திடீரென மேலே ஏறினால், ஆட்டத்துக்குக் கூட்டம் கூடியதா அல்லது எதிரே நிற்க வேறு நிகழ்ச்சியே இல்லாததால் இடம் உயர்ந்ததா என்பதை இட வரிசையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வரிசை எண்ணை விட்டுவிட்டு, பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் முந்தைய ஆண்டின் ஈஸ்டர் வாரத்தோடு ஒப்பிடுவதே நேர்மையான வழி. அந்தப் பண்டிகை மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் இறுதிக்கும் இடையே ஆண்டுதோறும் அலைவதால் அதுவும் முழு நிறைவு தருவதில்லை.

இனி பருவத்தின் உச்சிக்கு வருவோம். மே இறுதியிலிருந்து ஜூலை வரை நடக்கும் ஸ்டேட் ஆஃப் ஒரிஜின் என்ற மூன்று ஆட்டத் தொடரில் நியூ சவுத் வேல்ஸும் குவீன்ஸ்லாந்தும் மோதுகின்றன. 1980இல் பிரிஸ்பனின் லாங் பார்க்கில் ஒற்றை ஆட்டமாகத் தொடங்கி, 1982 முதல் மூன்று ஆட்டங்களாக நடக்கும் இத்தொடரின் இரவுகள் ஆண்டுதோறும் நாட்டின் அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சிகளின் வரிசையில் இடம்பெறுகின்றன. இதற்கு மாநிலப் பகைமை மட்டும் காரணமன்று. ஜூன் மாதத்தில் சிட்னியில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. புதன்கிழமை, மறுநாள் வேலை, வெளியே குளிர். வீட்டில் இருப்பவர்கள் எப்படியும் தொலைக்காட்சியின் முன்தான் இருப்பார்கள், அன்று அவர்கள் அனைவருக்கும் ஒரே ஆட்டம் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை 4.05 மணிக்கு நைன் என்ற இலவசத் தொலைக்காட்சி நிலையம் காட்டும் ஆட்டத்திலும் இதே கதைதான்: மார்ச்சில் அது சுட்டெரிக்கும் வெயிலில் நடக்கும் பிற்பகல் ஆட்டம், ஜூனில் அதன் இரண்டாம் பாதி விளக்கொளியில் நடந்து, அப்படியே 6 மணிச் செய்திக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுகிறது.

ஆனால் அந்த உச்சியின் அடிவாரத்திலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. ஒரிஜின் புதன்கிழமைக்கு முந்தைய வார இறுதிகளில் மாநில அணிகளுக்குத் தேர்வான வீரர்கள் தங்கள் சங்கங்களுக்கு (கிளப் அணிகளுக்கு) ஆடுவதில்லை. பல அணிகளுக்கு அந்த வாரம் ஓய்வு தரப்படுகிறது. வழக்கமான எட்டு ஆட்டங்கள் ஐந்தாகக் குறைவதும் உண்டு. நட்சத்திர வீரர்கள் இல்லாத வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டம் மெலிவது இயல்பே. ஆகவே ஜூன் மாதத்தின் சராசரியை எடுத்து, ‘குளிர்காலத்தில் ரக்பி லீக்குக்குக் கூட்டம் கூடும்’ என்று ஒற்றை வாக்கியத்தில் சொல்பவர், தொடரின் உயரத்தையும் சங்க ஆட்டங்களின் தாழ்வையும் கலந்து இல்லாத ஒரு சமவெளியை உருவாக்கிவிடுகிறார். பட்டியலை நாள்வாரியாகப் படிக்கும்போதுதான் இந்த இரட்டை முகம் தெரிகிறது என்பதால், இந்த ஓர் இடத்தில் தினசரி வடிவம் மாதாந்தரச் சுருக்கத்தைவிட எவ்வளவோ மேல். இந்தப் பள்ளத்தைத் தூர்க்க என்ஆர்எல் 2018இல் ஒரு முயற்சி செய்தது. தொடரின் இரண்டாம் ஆட்டத்தை ஞாயிறு இரவுக்கு மாற்றி, அந்த வார இறுதியைச் சங்க ஆட்டங்கள் இல்லாமல் தனியே விட்டது. 2023இல் மூன்று ஆட்டங்களும் மீண்டும் புதன்கிழமைக்கே திரும்பின. புதன்கிழமை இரவை ஒரு சடங்காகவே ஏற்றுக்கொண்ட இரண்டு மாநிலங்களின் பழக்கத்தை எந்த அட்டவணையும் எளிதில் மாற்றிவிட முடியாது என்பது என் எண்ணம்.

பருவகாலம் என்பது உண்மையிலேயே ஒரு காரணமா, அல்லது ஆட்டத்தின் சிறப்பு மட்டும்தானா என்ற ஐயத்துக்கு 2020 ஒரு சோதனைக்கூடமாக அமைந்தது. பெருந்தொற்றால் இரண்டு சுற்றுகளோடு மார்ச்சில் நின்ற பருவம் மே 28 அன்று பிரிஸ்பனில் பிரான்கோஸ், பரமட்டா அணிகளின் ஆட்டத்தோடு மீண்டும் உயிர் பெற்றது. நேரலை விளையாட்டே இல்லாமல் வாரக்கணக்கில் வீட்டில் முடங்கிக் கிடந்தவர்கள் அந்த வியாழக்கிழமை இரவில் திரண்டு பார்த்தார்கள். இறுதி ஆட்டம் அக்டோபர் 25க்குத் தள்ளிப்போனது. ஒரிஜின் தொடர் நவம்பர் 4, 11, 18 ஆகிய நாட்களில் அடிலெய்டு, சிட்னி, பிரிஸ்பன் நகரங்களில் நடந்தது. அதே தொடர், அதே புதன்கிழமை, அதே நிலையம். கூட்டம் மட்டும் ஆண்டின் நடுவில் வழக்கமாகக் கூடுவதைவிடக் குறைந்தது. கோடை நெருங்கும் நவம்பரில் மாலை வெளிச்சம் நீண்டிருந்தது, பருவம் முடிந்துவிட்டது என்ற மனநிலை மக்களிடம் வந்திருந்தது, முதல் ஆட்டம் நடந்த நாளில் அமெரிக்க அதிபர் தேர்தல் வாக்கு எண்ணிக்கை வேறு செய்தி அலைவரிசைகளை நிரப்பியது. இவற்றில் எது எவ்வளவு பங்கு வகித்தது என்பதை எந்தப் பட்டியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரிஜினை எந்த மாதத்தில் நடத்தினாலும் ஒரே கூட்டம் வரும் என்ற வாதம் அந்த நவம்பரோடு முடிந்தது.

பட்டியலின் மீது எனக்குள்ள மிகப் பெரிய குறை, அது முன்னால் நிறுத்தும் எண்ணைப் பற்றியது. 2024 முதல் வரிசையின் முதல் எண்ணாக நிற்பது ‘எட்டிய மக்கள் தொகை’. அதாவது நிகழ்ச்சியை ஒரு நிமிடமாவது பார்த்தவர்களின் எண்ணிக்கை. நிமிடத்துக்கு நிமிடம் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற சராசரி அதற்குப் பிறகே வருகிறது. இரண்டுக்கும் இடைவெளி சிறியதன்று. 2023 ஆகஸ்ட் 16 அன்று ஆஸ்திரேலிய மகளிர் கால்பந்து அணி இங்கிலாந்தோடு ஆடிய உலகக் கோப்பை அரையிறுதியின் சராசரி 71.3 லட்சம், எட்டியதோ 1 கோடியே 11.5 லட்சம். எண்பது நிமிட ஆட்டம், இடைவேளை, நடுவரின் காணொளி ஆய்வு என்று இரண்டு மணி நேரத்தை நெருங்கும் ரக்பி லீக் ஒளிபரப்பில், செய்தி முடிந்தும் அலைவரிசையை மாற்றாமல் ஒரு நிமிடம் இருந்தவரும் எட்டியவரே, கடைசி மணி ஒலிக்கும் வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவரும் எட்டியவரே. பருவத்தைப் படிக்க விரும்புபவருக்கு இது நேரடியான கேடு. குளிர்கால இரவில் மக்கள் அமர்ந்து பார்ப்பதும், மார்ச் மாத மாலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவதும் முதல் எண்ணில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோற்றமளிக்கும். சராசரியை எட்டிய தொகையால் வகுத்துப் பாருங்கள். விகிதம் உயர்ந்திருந்தால் மக்கள் தங்கிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். பட்டியலே செய்து தரக்கூடிய இந்தச் சிறு கணக்கை நாம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு நுணுக்கம், ஒரே இரவைத் துண்டுகளாக்கும் வழக்கம். ஒரிஜின் இரவையோ இறுதி ஆட்ட இரவையோ நிலையம் முன்னோட்டம், ஆட்டம், பரிசளிப்பு என்று தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பதிவு செய்கிறது. கோப்பை வாங்கும் காட்சிக்குப் பெரிய கூட்டம் இருந்தால் அதற்கே பட்டியலில் தனி இடம் கிடைக்கும். முன்னோட்டத்தின் மெலிந்த நிமிடங்கள் ஆட்டத்தின் சராசரியைக் கீழே இழுக்காமலும் தப்பிவிடும். விளம்பர வணிகத்தின் கண்ணில் இதில் தவறில்லை. ஆனால் துண்டு போடும் இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது என்பதால், ஒப்பிடும்போது ஆட்டம் என்று பெயரிடப்பட்ட வரியை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

சனிக்கிழமைகளைப் பொறுத்தவரை பட்டியல் ஏறக்குறைய ஊமை. அன்றைய ஆட்டங்கள் பெரும்பாலும் ஃபாக்ஸ் லீக் என்ற கட்டண அலைவரிசையிலும் கேயோ செயலியிலும் சந்தாதாரர்களுக்கு மட்டுமே கிடைப்பவை. நைன் இலவசமாகக் காட்டுவது பெரும்பாலும் வியாழன், வெள்ளி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களின் ஆட்டங்களே. ஆகவே இலவசத் தொலைக்காட்சிப் பட்டியலை மட்டும் படித்துப் பருவத்தை எடைபோடுபவர், ஆட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதுகிறார்.

செப்டம்பரில் கதை மறுபடி மாறுகிறது. நான்கு வார இறுதிச்சுற்று தொடங்கும்போது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் இறுதிச்சுற்றும் எதிரே நிற்கிறது. எந்த மாநிலம் எந்த ஆட்டத்தைப் பார்க்கிறது என்ற கோடு தெளிவாகப் பிரிகிறது. ஆண்டின் கடைசி ஆட்டத்தில்தான் தொலைக்காட்சியின் கை ஓங்கியிருப்பது வெளிப்படையாகத் தெரியும். பிற்பகலில் ஆடப்பட்டு வந்த இறுதி ஆட்டத்தை 2001இல் முதன்முறையாக இரவுக்கு மாற்றினார்கள். நியூகாசிலும் பரமட்டாவும் மோதிய ஆட்டம் அது. இடையில் சில ஆண்டுகள் மாலைக்கு வந்து, மீண்டும் இரவுக்கே போய்விட்டது. பிற்பகல் ஆட்டமே ஆட்டத்தின் மரபு என்று வருந்தும் மூத்த ரசிகர்களின் மீது எனக்குப் பரிவு உண்டு. ஆனால் மறுநாள் நியூ சவுத் வேல்ஸில் தொழிலாளர் தின விடுமுறை என்பதால் ஞாயிறு இரவு 7.30 மணிக்கு மேல் ஆட்டம் தொடங்கினாலும் பிள்ளைகளை எழுப்பி வைத்திருக்க முடிகிறது என்பதை நிலையம் நன்றாகவே அறிந்திருக்கிறது. இங்கேயும் கடிகாரம் குறுக்கிடுகிறது: பெரும்பாலான ஆண்டுகளில் கோடைகால நேரம் தொடங்கும் அதே ஞாயிறன்றுதான் இறுதி ஆட்டம் வருகிறது. பிரிஸ்பன் 26-22 என்று மெல்பர்னை வென்ற 2025 அக்டோபர் 5 அன்றும் அப்படித்தான். சிட்னியில் 7.30 மணி என்றால் குவீன்ஸ்லாந்தில் 6.30 மணி. பிரிஸ்பன் அணி ஆடும் இறுதி ஆட்டத்தையும் ஆடாத இறுதி ஆட்டத்தையும் பருவகாலப் போக்கு என்ற ஒரே தலைப்பில் அடைப்பது தவறு. அங்கே எண்ணை நகர்த்துவது மாதமன்று, அணி.

இதே ஆட்டத்தை இங்கிலாந்தில் வைத்துப் பார்த்தால் பருவம் என்ற கேள்வி தலைகீழாகிவிடும். அங்கும் இப்போது பிப்ரவரி முதல் அக்டோபர் வரையே பருவம். ஆனால் அங்கே அந்த நடு மாதங்கள் கோடை. ஒருகாலத்தில் அது குளிர்கால ஆட்டமாகவே இருந்தது. 1965இல் பிபிசியின் இரண்டாம் அலைவரிசை செவ்வாய்க்கிழமை இரவுகளுக்கென்றே விளக்கொளிக் கோப்பை ஒன்றைத் தொடங்கியது. ஸ்கை தொலைக்காட்சி நிறுவனத்தின் பணத்தோடு 1996இல் சூப்பர் லீக் என்ற போட்டி பிறந்தபோது பருவம் கோடைக்கு மாறியது. ஜூன் மாதத்தில் லீட்ஸ் நகரில் இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும்; அங்கே நிலையம் வெயிலோடு போட்டியிட வேண்டும், சிட்னியிலோ இருளே நிலையத்துக்காக வேலை செய்கிறது. இரண்டு நாட்டு எண்களையும் மாதப் பெயரை வைத்து ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இலவசமாகக் கிடைப்பது, நாடு முழுவதையும் அடக்குவது, செயலிப் பார்வையையும் சேர்ப்பது ஆகிய காரணங்களுக்காக இந்தப் பட்டியலை ரக்பி லீக் ஆர்வலர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விளையாட்டை மக்கள் பதிவு செய்து பிறகு பார்ப்பது மிகக் குறைவு என்பதால், நாடகத் தொடர்களுக்குப் போல ஒரு வாரம் காத்திருந்து திருத்திய எண்ணைத் தேட வேண்டிய தொல்லையும் இல்லை. ஆனால் 2027இல் பெர்த் பேர்ஸ் அணி போட்டியில் சேரும்போது நகர்வாரிப் பிரிவு இல்லாத குறை இன்னும் உறுத்தும். சிட்னியின் இரவு 8 மணி, மார்ச்சில் பெர்த்தில் மாலை 5 மணி, ஜூனில் மாலை 6 மணி. பெர்த்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு வசதியான நேரத்தில் ஆட்டம் வைத்தால் சிட்னியில் பின்னிரவாகிவிடும். முதல் 30 நிகழ்ச்சிகளின் ஒற்றைத் தேசிய எண்ணுக்குப் பக்கத்தில் சிட்னி, பிரிஸ்பன், பெர்த் என்று மூன்று எண்களையாவது சேர்த்து வெளியிடும்படி ஓஸ்டாம் யோசிக்க வேண்டும். அந்தத் தரவு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, கட்டணம் செலுத்துபவர்கள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.